ஒட்டிலி வளர்த்த பைன் வரிசை

அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தில், வடமேற்கு மூலையில், குளிர்காற்று தடுப்பாரின்றி அடிக்கும் மேட்டில் இருந்தது ஒட்டிலியின் பண்ணை வீடு. கல்யாணமாகி வந்த முதல் பனிப்புயலிலேயே, மாடுகள் நின்ற நிலையில் விறைத்துச் செத்ததைப் பார்த்தாள். பனி உருகியதும், மலைச்சரிவில் தானாக முளைத்திருந்த பைன் நாற்றுகளைத் தோண்டி வந்து வீட்டுக்கு வடமேற்கே மூன்று வரிசையாக நட்டாள். இவை வளர்வதற்குள் நாம் மண்ணுக்குள் போய்விடுவோம் என்று கணவன் எமில் சிரித்தான். அவள் பால் கேனில் தண்ணீர் சுமந்தாள். முயல் கடிக்காமல் கம்பிவலை சுற்றினாள்.

எமில் சொன்னது அவன் வரைக்கும் பலித்தது. அவன் போன சில வருஷங்களில் மரங்கள் கூரையைத் தாண்டிவிட்டன. தரைவரை தொங்கிய கிளைகளுக்கடியில் காட்டு வான்கோழிகள் பனிக்கு ஒதுங்கின. தனிமையில் அவளுக்கு அவைதான் துணை.

அந்தத் துணைக்கும் மகன் லேலண்ட் உலை வைத்தான். இலையுதிர்காலத்தில் கட்டணம் வாங்கிக்கொண்டு நகரத்து வேட்டைக்காரர்களை அழைத்து வந்தான். சுற்றிலும் வெட்டவெளி. பறவைகள் கிளையடியிலிருந்து வெளியே வர வர, உட்கார்ந்த இடத்திலிருந்தே சுட்டார்கள்.

“அதுங்க என்னை நம்பி வந்ததுங்கடா,” என்றாள் ஒட்டிலி.

“உன்னை எங்க நம்புச்சு அம்மா? மரத்தை நம்பி வந்துச்சு. மரம் நிக்கறது என் நிலத்துல.”

எமில் நிலத்தை மகன் பேரில் எழுதிவைத்திருந்தது உண்மைதான். இத்தனை வருஷம் தண்ணீர் ஊற்றி வளர்த்தது ஒரு பொறியைத்தானோ என்ற நினைப்பு அவளை அரித்தது.

மறு கோடையில் லேலண்ட் புல் அறுப்பு வேலையாகத் தூரத்து வயல்களில் கிடந்தபோது, ஏணியும் ரம்பமும் எடுத்தாள். ஏணி எட்டிய உயரம்வரை ஒவ்வொரு மரத்தின் கிளைகளையும் அறுத்துத் தள்ளினாள். உள்ளங்கை கிழிந்தது. துணி சுற்றிக்கொண்டு மேலும் அறுத்தாள்.

திரும்பி வந்தவன் மொட்டைத் தண்டுகளைப் பார்த்து நின்றான்.

“உனக்கென்ன பைத்தியமா? இனிமே காத்து நேரா உள்ள வருமே.”

“வரட்டும். நமக்குக் கதவு இருக்கு.”

அந்த இலையுதிர்காலத்தில், ஒதுங்கக் கிளையில்லாமல் வான்கோழிகள் வரவில்லை. வேட்டைக்காரர்கள் வந்து, காத்திருந்து, வைதுவிட்டுப் போனார்கள். லேலண்ட் அம்மாவோடு பேச்சை நிறுத்திக்கொண்டான். குளிர்காலத்தில் பனி கதவளவு குவிந்தது. வான்கோழிகள் மலைக்காட்டுக்குப் போயிருக்கும் என்று அவள் நம்பினாள்.

பனி உருகிப் பாதை திறந்ததும், மலைப்பக்கமிருந்து வந்த தபால்காரரிடம் அவற்றைப் பார்த்தாரா என்று கேட்டாள். இந்த வருஷம் ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை என்றார் அவர்.