ரெகுலேட்டரை ஊதக் கூடாது

ரிவர்ஸ்டன் மலைப் பக்கம் எங்கள் தோட்டத்து அணையில், தேயிலை பெக்டரிக்குத் தண்ணீர் போகும் குழாயின் வாயை ஒரு மரம் அடைத்துக்கொண்டது. அதை எடுக்கத் திருகோணமலையிலிருந்து, நீருக்கடியில் வேலை செய்யும் ஒரு சுழியோடி வந்தார். பனிக்கடல்களில் இறங்கிப் பழகியவர் என்றார்கள். குட்டையான ஆள். சிலிண்டர் காற்றை வாய்க்குக் கொண்டுவரும் ரெகுலேட்டரைத் துணியில் சுற்றிச் சட்டைக்குள் வைத்திருந்தார்.

அதை அவர் கல்லின் மேல் வைத்ததும், தூசி போகட்டும் என்று எங்கள் தோட்டத்துக் கங்காணி எடுத்து வாய்ப்பக்கம் ஊதிவிட்டார்.

சுழியோடியின் முகம் வெளிறியது. "ஐயோ, ஊதாதீங்க! மூச்சு ஈரம் உள்ள ஐஸாகிட்டா வால்வு மூடாது. காத்தெல்லாம் கொட்டிப் போயிரும்."

"இந்தத் தண்ணியில ஐஸ் எங்கங்க?" என்றேன்.

"எனக்குத் தெரியுங்க. கைக்குத்தான் தெரிய மாட்டேங்குது."

அதைக் கழற்றி, ஈரம் போகத் துடைத்தார். மறுபடியும் துடைத்தார். பிறகு அதைச் சிலிண்டரில் பூட்டி, இடுப்புக் கயிற்றின் நுனியை என்னிடம் தந்துவிட்டு இறங்கினார். கறுத்த தண்ணீரில் குமிழிகள் வந்தன, பிறகு நின்றுவிட்டன. கங்காணி தன் வாயைப் பொத்திக்கொண்டார். என் கையில் கயிறு அசையவே இல்லை.

மரம் மிதந்து வந்தது. அதன் பின்னால் அவர் தலை தெரிந்தது.

அவ்வளவு பயந்தவர், "என்னால ஏலாது" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஏன் சொல்லவில்லை என்று இன்றும் எனக்கு விளங்கவில்லை.