கத்தி எடுத்த பிறகு

என் கையெழுத்து கோணலாக இருக்கும், பிழைகளும் இருக்கும். தொடக்கப்பள்ளியோடு நின்றவன், பொறுத்துக்கொள்ளுங்கள். இன்று சிராங்கூன் சாலைக் கடையில் ஒரு பவுடர் டப்பாவைத் திறந்து முகர்ந்ததும், புக்கிட் மேராவில் தகரக் கூரை போட்டிருந்த முத்தையா மாமாவின் முடிதிருத்தும் கடை நினைவுக்கு வந்தது. ஞாயிறு காலைகளில் அங்கே, கூரையில் மழை தட்டும் சத்தத்துக்கும் தோல்வாரில் கத்தி தீட்டும் சத்தத்துக்கும் நடுவே, நாட்டை உண்டாக்கியது தலைவர்களா கூலிகளா, நல்லவன் கெட்ட சட்டத்துக்குப் பணியலாமா என்று துறைமுகத்து ஆட்கள் ஓயாமல் வாதாடுவார்கள். கழுத்தில் கத்தி இருப்பவன் பதில் பேசக் கூடாது, எடுத்த பிறகுதான் பேசலாம் என்பது கடை வழக்கம்.

"ஊருக்கே நல்லதுன்னா ஒருத்தன் இடம் போனா தப்பில்லண்ணே," என்பது என் அப்பாவின் கட்சி.

"இதச் சொல்ற கழுத்து என் கையில இருக்கு லா, பாத்துப் பேசு," என்று கத்தியை மறுபடி வைப்பார் மாமா. எல்லோரும் சிரிப்பார்கள்.

பிறகு, அடுக்குமாடி வீடுகள் கட்ட அந்த இடத்தைக் காலி செய்யும்படி உத்தரவு வந்தது. எங்களுக்குத் தீவின் வடகோடியில், மார்சிலிங்கில், வீடு கிடைத்தது. மாமாவுக்கு வேறு கடை கிடைக்கவில்லை. கடைசி ஞாயிறன்று அப்பாவுக்குச் சவரம் செய்துகொண்டே, "இப்பவும் தப்பில்லதானேப்பா?" என்று மெதுவாகக் கேட்டார். கேட்டுவிட்டுக் கத்தியைத் துடைத்து மடக்கி வைத்தார். அப்பா இனிப் பேசலாம். எல்லோரும் காத்திருந்தார்கள். அப்பா கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மார்சிலிங்கில் அப்பா தானே சவரம் செய்துகொண்டார். சாகும்வரை யாரோடும், எதைப் பற்றியும், அவர் வாதாடவில்லை.

தீபாவளிக்கு மறுநாள் எழுதியது.