சர்க்கார் மண்ணில் என் புளியங்கன்றுகள்

திருச்செங்கோட்டுத் தாலுகா கச்சேரியில் நான் குமாஸ்தா. ஓய்வுக்குப்பின் வரும் பென்ஷன் அரிசிக்கே சரியாகிவிடும்; மற்றதற்குப் புளி விற்ற காசு கைகொடுக்கட்டும் என்று எங்கள் காட்டோரம் புளியங்கன்றுகள் நட்டேன். தூறல் விழுந்தது. மலை மேகத்துக்குள் கரைந்தது. இன்னும் விழாத அந்த நிழலில் நான் அப்போதே உட்கார்ந்துவிட்டேன்.

அவ்வழியே வந்த மணியகாரர் நின்றார். "ஏனுங்க, இது வண்டித்தடப் புறம்போக்குங்க. காச்சா சர்க்கார் ஏலத்துல உட்டுருமுங்க!"

என் மனைவி சிரித்தாள். "பென்ஷன் குடுக்கற சர்க்காருக்கே நீங்க பென்ஷன் குடுக்கறீங்களாக்கும்!"

நல்லவேளை, கன்றுகள் இன்னும் வேர்பிடிக்கவில்லை. ஈரம் காயுமுன் மண்ணோடு பெயர்த்து எங்கள் நிலத்துக்குள் நட்டோம், தழைத்துவிட்டன. இப்போதெல்லாம் முதலில் எல்லைக்கல்லைத் தேடுகிறேன். கனவெல்லாம் அதற்குப் பிறகுதான்.