அடுத்த அறையில் நாற்காலி

சோப்பு, பிஸ்கட், செல்போன் எதுவானாலும் சரி, அதை வாங்கும் எட்டுப் பேரை ஒரு மேசையைச் சுற்றி உட்காரவைத்து வாயைக் கிளறுவதுதான் அவள் பிழைப்பு. வீடு வீடாகப் பற்பசை விற்ற காலத்திலேயே பேச்சுக் கொடுப்பதில் கெட்டிக்காரி. தொழிலில் எல்லோருக்கும் அவள் கேள்வியக்கா. "என்கிட்ட மட்டும் பேட்டி எடுக்காதே தாயே, சோத்தைப் போடு" என்பார் அவள் கணவர்.

அந்தத் தொழிலில், கம்பெனிக்காரர்கள் அடுத்த அறையில் உட்கார்ந்து டிவியில் பேச்சைக் கேட்பது வழக்கம். சோப்பு நுரைக்கவில்லை என்று சொன்னால் யார் குடியும் முழுகிவிடாது.

இந்த முறை கூப்பிட்டவர் ஒரு மேலாண்மைக் கல்லூரிப் பேராசிரியர். தலைப்பு, நிர்வாகத்தில் அறம். வந்தவர்கள் ஒரே கம்பெனியின் மேனேஜர்கள்.

"இங்க பேசுறது இந்த ரூமைத் தாண்டாது" என்று கேள்வியக்காதான் வாக்குக் கொடுத்தாள். எல்லோரும் பேசினார்கள், ஆனால் தப்புச் செய்தது எல்லாம் நண்பர்கள். என் நண்பன் ஒருத்தன் பொய் பில் போட்டான், என் நண்பன் ஒருத்தன் கமிஷன் வாங்கினான். கிடங்கு மேனேஜர் மட்டும் வாயே திறக்கவில்லை.

"என்ன சார், உங்களுக்கு நண்பரே இல்லையா?" என்று ஒருவர் சீண்ட, எல்லோரும் சிரித்தார்கள்.

டீ இடைவேளையில் அவள் அடுத்த அறையை எட்டிப்பார்த்தாள். மேனேஜர்களின் பெரிய அதிகாரி டிவி முன்னால் உட்கார்ந்திருந்தார்.

"கம்பெனிக்காரங்கதானே ஆளுங்களை அனுப்பினாங்க. நாற்காலி வேற போட்டிருந்தீங்க, உட்கார வச்சேன்" என்றார் பேராசிரியர்.

பழக்க தோஷத்தில் நாற்காலி போட்டது அவளேதான். இன்னும் ஆறு கூட்டம் நடத்தித் தருவதாக அவரிடம் பேசியிருந்தாள். எப்படியும் நண்பர்கள் கதைதானே வரப்போகிறது என்று மனசைச் சமாதானப்படுத்திக்கொண்டு வந்து உட்கார்ந்தாள்.

கிடங்கு மேனேஜர் தொண்டையைக் கனைத்தார். "நண்பன் எல்லாம் இல்லைங்க. நான்தான். போன வருஷம் ரேக் சரிஞ்சு ஒருத்தருக்குக் கால் போச்சு. ரேக் பழசுன்னு ரிப்போர்ட் எழுதினேன். அவர் கவனக்குறைவுன்னு மாத்தி எழுதச் சொன்னாங்க. சொன்னது யாருன்னா..."

"சார், நிறுத்துங்க. உங்க பெரிய ஆபீசர் பக்கத்து ரூம்ல கேட்டுட்டு இருக்காரு. நாற்காலி போட்டது நான்தான்."

மற்றவர்கள் பைகளைத் தேட ஆரம்பித்தார்கள்.

"எப்பலேர்ந்து தெரியும் உங்களுக்கு?" என்று கேட்டார் கிடங்கு மேனேஜர்.

"டீ குடிக்கும்போதே."

அவர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். "பாதி சொல்லிட்டேனேம்மா. இதுக்கே என்னை உண்டு இல்லைன்னு ஆக்கிடுவாங்க. மீதியையும் சொல்லிடறேன். நீங்க எழுந்து போகாதீங்க. நாளைக்கு நான் இப்படிச் சொல்லவே இல்லைம்பாங்க. கேட்டவங்கன்னு ஒரு ஆள் வேணும்."

கதவைத் திறந்து பேராசிரியர் தலையை நீட்டினார். "ஒரு நிமிஷம் வெளிய வாங்க."

"இவர் முடிக்கட்டும் சார்" என்று சொல்லிவிட்டு, கேள்வியக்கா தன் நாற்காலியைக் கிடங்கு மேனேஜர் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.