ஜெயித்தே தீருவேன் என்று நான் இழுத்த கயிறு

கூடுவாஞ்சேரியிலேயே பெரிய முட்டாள் நான்தான். போட்டிக்கு ஆள் இருந்தால் எழுதுங்கள்.

மாமல்லபுரத்தில் கடற்கரைக் கோயிலைப் பார்த்துவிட்டு மணலில் நடந்தோம். கடலுக்குள் போன இரண்டு கயிறுகளை மீனவர்கள் இரண்டு கூட்டமாகத் தள்ளித்தள்ளி நின்று இழுத்துக்கொண்டிருந்தார்கள். யார் முதலில் இழுத்து முடிப்பது என்று ஏதோ போட்டியாக்கும் என்று நினைத்து, வேனில் வந்த என் குடும்பத்தார் எட்டுப் பேரையும் ஒரு கயிற்றைப் பிடிக்கச் சொல்லி, "விடாதீங்க, ஜெயிக்கணும்!" என்று கத்தினேன்.

ஒரு மீனவர் ஓடிவந்து என் கையைத் தட்டிவிட்டார்.

"யோவ், இன்னா பண்ணிகினு கீற? ரெண்டு பக்கமும் ஒண்ணா வந்தாத்தான்யா வலை! ஒரு பக்கமா இழுத்தா மீனெல்லாம் பூடும்!"

போயே விட்டது. காலையிலிருந்து அவர்கள் பாடுபட்ட வலையில் ஒரு கைப்பிடி நெத்திலிதான் மிச்சம். கூடையோடு காத்திருந்த பெண்களில் ஒருத்தி, "உனக்கு வூட்ல வேலையே இல்லியா?" என்றாள். மன்னிப்புக் கேட்டேன். ஒருவரும் முகம் கொடுக்கவில்லை.

இப்போதெல்லாம் எதையும் கேட்காமல் தொடுவதில்லை. போன மாதம் அங்கே போனபோது, அதே மீனவரிடம், "நானும் ஒரு கை பிடிக்கட்டுமா?" என்று பணிவாகக் கேட்டேன்.

"கைய பாக்கெட்ல வெச்சிகினு அப்பால நில்லு!"