மார்கரெட் கட்டிய தகர டப்பா

பழவேற்காட்டில் கன்னியர்கள் நடத்திய முதியோர் இல்லத்தில் நான் சமையல்காரி, மார்கரெட் ஆயா. மீஞ்சூருக்கு வேலைக்குப் போன அவள் புருஷன் அங்கேயே வேறொருத்தியோடு குடித்தனம் வைத்துவிட்டான். ஒரு நாள் முழுக்க அழுதாள். மறுநாள் எங்கள் வாசலில் வேலை கேட்டு வந்து நின்றாள். அது எழுபத்து நாலில். ஆள் நல்ல உயரம், வாய் அதைவிடப் பெரிது. இல்லத்துக்குத் தலைவியான பெரிய சிஸ்டரையே அதட்டுவாள். எனக்கும் அவளுக்கும் வாரம் ஒரு சண்டை வராவிட்டால் சோறு இறங்காது. ஆனாலும் சொல்கிறேன், அவளைப் போல ஒருத்தியை நான் பார்த்ததில்லை.

எழுபத்தொன்பது மழைக்காலத்தில் தோணிரேவுக் குப்பத்திலிருந்து சிங்காரத்தைக் கொண்டுவந்து விட்டார்கள். ஏரியில் வலை போட்டே வயதானவர். வாதம் வந்து இடது கால் இழுத்துக்கொண்டிருந்தது. வந்ததிலிருந்து விழுந்துகொண்டே இருந்தார். யாரையும் கூப்பிட மாட்டார். தானே எழுந்திருப்பார், பொத்தென்று விழுவார். நெற்றியில் தையல், முழங்கையில் கட்டு. பெரிய சிஸ்டர் பயந்துபோனார். இன்னொரு தடவை விழுந்தால் கட்டிலோடு சேர்த்துக் கட்டிவிட வேண்டியதுதான் என்று சொல்லிவிட்டார். கெட்ட மனுஷி இல்லை. இடுப்பு எலும்பு முறிந்துவிட்டால் கிழவர் பிழைக்கமாட்டாரே என்ற கவலைதான். ஆனால் மார்கரெட் வேறோர் இடத்தில் கட்டிப்போட்ட கிழவியைப் பார்த்திருக்கிறாள். மணிக்கட்டுத் தோல் உரிந்து, வாய் பேசுவதையே விட்டுவிட்டாளாம். கட்டவே விடமாட்டேன் என்று ஒற்றைக்காலில் நின்றாள்.

மெட்ராஸ் ஆஸ்பத்திரிகளில் கட்டிலோரம் சுவிட்ச் இருக்குமாம், தட்டினால் நர்ஸ் வருவாளாம். எங்களுக்கு ஏது? மார்கரெட் கடைத்தெருவில் ஒரு மாட்டு மணி வாங்கிவந்து, சிங்காரத்தின் சட்டைக்கும் அதற்கும் வலை பின்னும் நரம்புக் கயிறு கட்டினாள். அவர் எழுந்தால் மணி அடிக்கும், இவள் ஓடிவருவாள். கேட்க நன்றாகத்தான் இருந்தது.

அன்று மத்தியானமே அவர் எழுந்தார். மணி கணகணவென்று அடித்தது. உடனே அந்த அறையில் இருந்த கிழவர்கள் அத்தனை பேரும் எழுந்துவிட்டார்கள்! எங்கள் இல்லத்தில் மணி என்றால் கஞ்சி. அப்படிப் பழக்கியதே நான்தான். என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா அந்த மகராசி? கையில் கிண்ணத்தோடு முதல் ஆளாகப் பாய்ந்த ஆபிரகாம் குப்புற விழுந்தார். சிங்காரத்தை மார்கரெட் பிடித்துவிட்டாள், ஆபிரகாமை யார் பிடிப்பது? நல்ல வேளை, மூக்கில் சிராய்ப்போடு போயிற்று. நான் சிரித்த சிரிப்புக்கு அவள் என்னோடு பேசவே இல்லை. பெரிய சிஸ்டர் மட்டும் சிரிக்கவில்லை. பழைய புடவையைக் கிழித்துப் பட்டை பட்டையாக மடித்து வைத்துவிட்டார்.

மார்கரெட் கிழவரின் கட்டிலோரம் போய் உட்கார்ந்தாள். ஏன் கூப்பிடுவதில்லை என்று மெதுவாகக் கேட்டாள். அவளுக்கு மெதுவாகப் பேச வரும் என்பதே எனக்கு அன்றுதான் தெரியும். சிங்காரம் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"மூத்திரம் வருதுன்னு ஒரு பொம்பளைய கூவிக் கூப்புட சொல்றியா? இன்னா பேச்சும்மா இது?"

இத்தனை தடவை விழுந்தது திமிரால் என்று நினைத்திருந்தோம், வெட்கத்தால் விழுந்திருக்கிறார். மார்கரெட் சிரிக்கவில்லை, சமாதானமும் சொல்லவில்லை. வலை சிக்கினால் தண்ணீருக்குள் முங்குகிறவன் மேலே இருக்கிறவனை எப்படிக் கூப்பிடுவான் என்று கேட்டாள். இடுப்புக் கயிற்றை இழுப்பான் என்றார். ஒரு இழுப்பு என்றால் இரு, ரெண்டு என்றால் தூக்கு.

"அப்டியே இழு நைனா. நீ ஒண்ணியும் சொல்ல வேணாம், நானும் ஒண்ணியும் கேக்க மாட்டேன்," என்றாள்.

என் அடுப்படியிலிருந்து பால் பவுடர் தகர டப்பா ஒன்று காணாமல் போனது. அதற்குள் கிளிஞ்சலைப் போட்டு தாழ்வாரத்தில் தொங்கவிட்டு, கயிற்றை ஜன்னல் வழியாகக் கட்டில்வரை கொண்டுபோனாள். இந்தத் தடவை சட்டையில் கட்டவில்லை; நுனியை அவர் கையில் கொடுத்தாள். கிளிஞ்சல் சத்தத்துக்குக் கஞ்சி கேட்டு யாரும் எழப்போவதில்லை.

மறுநாள் பகலில் சிஸ்டர் அந்தப் பக்கம் வந்தபோது, சிங்காரம் காலைத் தொங்கப்போட்டுக் கட்டில் விளிம்பில் உட்கார்ந்திருந்தார். சிஸ்டர் பதறிப்போய்த் துணிப்பட்டையை எடுத்து அவர் மணிக்கட்டைப் பிடித்தார். நான் கஞ்சிப் பானையோடு வாசலில் நின்றிருந்தேன். கிழவர் எழவில்லை. மற்ற கையால் கயிற்றை இழுத்தார், ரெண்டு தடவை. வெளியே டப்பா கடகடவென்று ஆடியது. துணி உலர்த்திக்கொண்டிருந்த மார்கரெட் ஈரக்கையோடு ஓடிவந்து தோளைக் கொடுத்தாள். அந்தத் தோளைப் பிடித்துக்கொண்டு கிழவர் நேராக எழுந்து நின்றார்.

"என்னைக் கட்டாதீங்கம்மா," என்றார் சிஸ்டரிடம். "கயிறு என் கையிலயே இருக்கட்டும்."

சிஸ்டர் அவர் கையை விட்டார். துணிப்பட்டைகளை என்னிடம் கொடுத்து, பானை துடைக்க வைத்துக்கொள்ளச் சொன்னார். அந்த வாரமே ஆபிரகாமும் ஒரு டப்பா கேட்டார். பிறகு ஆளுக்கு ஒன்று ஆகி, தாழ்வாரமே கிலுகிலுவென்று இருந்தது. சிங்காரம் எண்பத்தாறுவரை இருந்தார். அதற்கப்புறம் ஒரு தடவைகூட விழவில்லை. அந்த இல்லத்தில் ஒருவரையும் கட்டிலில் கட்டவில்லை.