பிள்ளைகளின் அம்மா

அவளை நான் முதலில் அறிந்தது ஒரு பள்ளிக்கூடப் பாவாடையின் உட்புறத்தில். மலைமேல் சோளக்காடு என்கிற ஊரில் பஸ் நிற்கும் இடத்துக்கு எதிரே, அன்னாசிப் பழக் கடைகளுக்கு நடுவில் எனக்கு ஒரு சின்னத் தையல் கடை இருந்தது, இப்போதும் இருக்கிறது. பள்ளிக்கூடம் திறக்கிற பருவத்தில் ஒருவர் வந்தார். கொஞ்சம் மிளகுத் தோட்டமும் வாடகைக்கு ஓட்ட ஒரு ஜீப்பும் வைத்திருப்பவர். தன் இரண்டு பெண் பிள்ளைகளுக்கும் சீருடை தைக்க வேண்டும் என்றார். பிள்ளைகளை அழைத்து வரவில்லை. அளவுக்கென்று பழைய பாவாடைகளைப் பையில் திணித்துக் கொண்டு வந்திருந்தார். அதில் ஒன்றை எடுத்து உள்பக்கம் திருப்பினேன். பிள்ளை வளர வளரப் பிரித்துவிடுவதற்காக வரிசையாக டக் பிடித்து வைத்திருந்தது. கீழ் மடிப்பு முழுக்கக் கைத்தையல். வெளியே ஒரு புள்ளிகூடத் தெரியவில்லை. “ஆருங்க தெச்சது?” என்று கேட்டேன். “புள்ளைங்களோட அம்மாங்க. இப்ப திருப்பூர்ல இருக்கறா. நாங்க ஒண்ணா இல்லீங்க” என்றார். அவர் முகத்தை நான் பார்க்கவில்லை, தையலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த மனிதர்மேல் எனக்கு அன்றைக்கு எந்த எண்ணமும் கிடையாது. இருந்தும், என்னைவிட நன்றாகத் தைக்கிறவள் ஒருத்தி இந்த மலையில் இருந்திருக்கிறாள் என்பது சுருக்கென்று குத்தியது.

எனக்கு அப்போது முப்பத்தைந்து வயது. சொந்த ஊர் அடிவாரத்தில் முள்ளுக்குறிச்சி. அப்பாவின் நோயைப் பார்த்துக்கொண்டிருந்ததில் வந்த வரன்களெல்லாம் தட்டிப் போயின. அவர் போன பிறகு அண்ணன் வீட்டில் ஒரு மூலையாக இருக்கப் பிடிக்காமல் தையல் மெஷினோடு மேலே வந்து, கடைக்குப் பின்னாலேயே ஓர் அறையில் குடியிருந்தேன். சீருடை வாங்க வந்தவர், பிறகு பட்டன் அறுந்தது என்று வந்தார். பட்டன் அறுந்திருக்கவில்லை. சாயங்காலம் ஜீப்பை நிறுத்திவிட்டு டீ குடிக்கிற சாக்கில் கடை வாசலில் நின்று பேசுவார். மனைவியைப் பற்றி ஒருநாளும் குறையாகச் சொன்னதில்லை. அவளுக்கு மலையில் இருப்புக் கொள்ளவில்லை, பனியன் கம்பெனியில் நல்ல வேலை கிடைத்தது, வா என்றாள், தோட்டத்தை விட்டு இவரால் போக முடியவில்லை; சண்டை முற்றி, இரண்டு வீட்டுப் பெரியவர்களும் உட்கார்ந்து பேசிப் பிரித்துவிட்டார்கள். அவ்வளவுதான் சொன்னார். அவர் அவளைக் கொஞ்சம் திட்டியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

எங்கள் பழக்கம் ஊருக்குத் தெரிய ஆரம்பித்தபோது அவரே பிள்ளைகளிடம் சொல்லிவிட்டார். இளையவளுக்கு ஏழு வயது, எதையும் கேள்வி கேட்காமல் கையைப் பிடித்துக்கொள்கிறவள். மூத்தவளுக்குப் பதின்மூன்று ஆகப்போகிறது. என்னை ‘டெய்லர் அக்கா’ என்றுதான் கூப்பிடுவாள். மரியாதைக்குக் குறைவே இருக்காது. வாங்க, உக்காருங்க, தண்ணி வேணுங்களா என்பாள். அந்த மரியாதையாலேயே என்னை வாசலில் நிறுத்திவைக்க அவளுக்குத் தெரிந்திருந்தது. ஜீப்பில் எங்கே போனாலும் முன்சீட்டு அவளுடையது. கீழே போகிறபோது அடிவாரத்துக் காரவள்ளி வரைக்கும் கொண்டை ஊசி வளைவுகளில் இளையவள் வாந்தியெடுப்பாள். நான் பின்னால் பலாப்பழ மூட்டைகளுக்கு நடுவில் உட்கார்ந்து, அவள் நெற்றியைத் தாங்கிக்கொண்டு, எலுமிச்சம்பழத்தை முகரக் கொடுப்பேன். முன்னால் அப்பாவும் மகளும் ஏதோ பேசிச் சிரித்துக்கொண்டு போவார்கள். பின்கண்ணாடியில் அவர் என்னை ஒருமுறை பார்க்க மாட்டாரா என்று பார்த்துக்கொண்டே வருவேன். ஒரு குழந்தையின் இடத்தைப் பார்த்து வயிறெரிகிறோமே என்று வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் வெட்கப்பட்டதால் எரிச்சல் குறைந்துவிடவில்லை.

குழந்தையைவிட அதிகம் எரிய வைத்தது அந்தப் போன். வீட்டில் பழைய போன் ஒன்றைப் பிள்ளைகளுக்கென்றே விட்டுவைத்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் அவர்களுடைய அம்மா வீடியோவில் வருவாள். போனைத் தண்ணிச் செம்பில் சாய்த்து நிறுத்திவிட்டு அதன் எதிரில் இலை போட்டு உட்காருவார்கள். சிக்னல் விட்டுவிட்டு வரும். “கேக்குதா சாமி? கேக்குதா?” என்று அவள் கேட்டுக்கொண்டே இருப்பாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னைச் சாப்பிடக் கூப்பிட்டிருந்தார்கள். காலையிலேயே போய் மிளகு அரைத்து நாட்டுக்கோழிக் குழம்பு வைத்தேன். போன் அடித்ததும் நான் அடுப்படியில் ஒதுங்கி நின்றுகொண்டேன். இளையவள் கிண்ணத்தைத் தூக்கிக் காட்டி, “அம்மா, இன்னிக்கிக் கோழி” என்றாள். “நெறமே அருமையா இருக்குதே, ஆரு கண்ணு வெச்சது?” என்று கேட்டது அந்தக் குரல். “அப்பாதாம்மா” என்றாள் மூத்தவள். அவர் தலையைக் குனிந்து சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தார்.

சாயங்காலம் என்னைக் கடையில் இறக்கிவிட வந்தபோது கேட்டேவிட்டேன். “நீங்களாச்சும் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமில்லீங்க?”

“அவ பயந்துட்டாளுங்க. உங்க பேரச் சொன்னா அவங்கம்மா மனசு நோகும்னு நெனச்சிருப்பா. சின்னப் புள்ளதானுங்க.”

“என்ற மனசு?”

அவர் ஸ்டியரிங்கையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் இறங்கி வந்துவிட்டேன். அதற்குப் பிறகு பல நாள் அவர் வந்து நின்றாலும் மெஷினிலிருந்து தலையைத் தூக்காமல் பேசினேன். இது நமக்கு ஒத்துவராது, அங்கே எல்லா இடமும் நிரம்பித்தான் இருக்கிறது, மெஷினைத் தூக்கிக்கொண்டு கீழே போய்விடலாம் என்ற யோசனை வலுத்துக்கொண்டிருந்தது. முள்ளுக்குறிச்சியில் ஒரு கடை காலியாக இருப்பதாக அண்ணன் சொல்லியிருந்தான். பார்த்துவை என்றும் சொல்லிவிட்டேன்.

அந்தச் சமயத்தில்தான் ஒரு சனிக்கிழமை, தெரியாத எண்ணிலிருந்து போன் வந்தது. “ஏனுங்க, டெய்லருங்களா?” என்றதுமே குரல் தெரிந்துவிட்டது. கத்தரிக்கோலைக் கீழே வைத்தேன். அவள் பேரையும் சொல்லவில்லை, உறவையும் சொல்லவில்லை. “பெரிய புள்ள வயசுக்கு வந்திருக்கறாளுங்க. ஊட்ல தனியா இருக்கறா, கதவச் சாத்திக்கிட்டு அழுவறா. அவங்கப்பா சின்னவளக் கூட்டிக்கிட்டு நாமக்கல் போயிருக்காரு, லைன் கெடைக்க மாட்டேங்குது. அக்கம்பக்கத்துல எல்லாரும் காட்டுக்குப் போயிட்டாங்களாம். பக்கத்துல ஆரு இருக்காங்க சாமின்னு கேட்டேன். டெய்லர் அக்கா இருக்காங்கன்னா. நம்பரும் அவதான் சொன்னா.” பின்னால் நிறைய மெஷின்கள் ஓடுகிற சத்தம் கேட்டது. “கொஞ்சம் போய்ப் பாக்கறீங்களா?” என்றாள்.

கடையைச் சாத்திவிட்டு நடந்தேன். நடந்தேன் என்று சொல்வது தப்பு, ஓடினேன். கதவு உள்ளே தாழ்ப்பாள் போட்டிருந்தது. தட்டினேன். “ஆரு?” என்றாள் மூத்தவள். “நாந்தான் கண்ணு, டெய்லர் அக்கா” என்றேன். சத்தமே இல்லை. மறுபடி தட்டினேன். என் நம்பரைச் சொன்னவளுக்கு நேரில் நான் வந்து நின்றதும் கூச்சம் வந்திருக்கும் என்று இப்போது புரிகிறது. அன்றைக்குப் புரியவில்லை. கடைசியில், “உங்கம்மாதான் அனுப்புனாங்க” என்றேன். தாழ்ப்பாள் விலகியது. அவள் அம்மாவின் பேரைச் சொல்லித்தான் அந்த வீட்டுக்குள் முதன்முதலாக ஒரு உரிமையோடு நுழைந்தேன். அது எனக்கு இனிப்பாக இல்லை.

செய்ய வேண்டியதையெல்லாம் செய்தேன். வெந்நீர் வைத்தேன், துணி எடுத்துக் கொடுத்தேன், பயப்பட ஒன்றுமில்லை என்று எனக்குத் தெரிந்த மாதிரி விளக்கிச் சொன்னேன். தலை குளித்து வந்தவளுக்கு முடியைத் துவட்டிவிட்டேன். அதுவரை என்னைத் தொடவிடாதவள் தலையைக் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருந்தாள். “அம்மாவும் இப்பிடித்தான் பயந்தாங்களா?” என்று கேட்டாள். “அத அவங்ககிட்டத்தான் கேக்கோணும் கண்ணு” என்றேன். உடனே போனை எடுத்தாள். நான் வெளியே வந்து, அங்கே கிடந்த மரவள்ளிக் கிழங்கைத் தோலுரித்துக்கொண்டிருந்தேன். உள்ளே அழுகை கேட்டது, கொஞ்ச நேரத்தில் சிரிப்புக் கேட்டது, பிறகு நீளமாக ஏதோ குசுகுசுப்பு. வெந்நீர் வைத்தவள் நான். அந்தச் சிரிப்பு யாருக்கோ போய்க்கொண்டிருந்தது. கிழங்கின் தோலோடு பாதிக் கிழங்கையும் சீவித் தள்ளியிருந்தேன்.

சடங்குக்கு ரவிக்கை நான் தைத்தேன், பச்சைப் பட்டில். வாழ்நாளில் எந்த ரவிக்கைக்கும் அத்தனை பாடுபட்டதில்லை. சடங்கன்று முதல் பஸ்ஸில் அவள் வந்து இறங்கினாள். போன் திரையில் பெரிதாகத் தெரிந்த முகம்; நேரில் என் தோளுயரம்தான் இருந்தாள். வந்ததும் மகளைக் கட்டிக்கொண்டாள். பிறகு ரவிக்கையைக் கையில் வாங்கி, நான் பயந்தபடியே, உள்பக்கம் திருப்பினாள். விரலால் தையலைத் தடவிக்கொண்டே போனவள், “நல்லாத் தெச்சிருக்கீங்க. தோள்ல மட்டும் கொஞ்சம் தூக்கிப் புடிக்கலாமுங்க” என்று சொல்லி, ஊசி கேட்டு வாங்கி, அத்தனை பேர் முன்னாலும் உட்கார்ந்து என் தையலைப் பிரித்துத் திருத்தினாள். போட்டுப் பார்த்தபோது முன்னைவிடக் கச்சிதமாக இருந்தது. அதுதான் தாங்க முடியவில்லை. மணையில் உட்கார்ந்தவளுக்குக் கட்டுக்கழுத்திகள் ஒவ்வொருத்தராக மஞ்சள் பூசிச் சந்தனம் வைத்தார்கள். கல்யாணமாகாத எனக்கு அந்த வரிசையில் வேலையில்லை. பந்தியில் ரசம் ஊற்றிக்கொண்டிருந்தேன். “இந்தப் பொண்ணு ஆரு?” என்று யாரோ ஓர் அம்மாள் கேட்க, “டெய்லரு” என்று யாரோ சொன்னார்கள்.

வீட்டுக்குப் பின்னால் போய்க் குண்டானைக் கழுவிக்கொண்டிருந்தேன். கழுவுவதற்கு வேறு ஆட்கள் இருந்தார்கள். எனக்கு அங்கே நிற்க ஒரு காரணம் வேண்டியிருந்தது. அவள் தேடிக்கொண்டு வந்தாள்.

“சாப்பிட்டீங்களா?”

“இன்னும் இல்லீங்க.”

பக்கத்தில் குந்தி உட்கார்ந்தாள். சுற்றி வளைக்கவில்லை. “உங்களப் பாத்தா எனக்கு வயிறெரியுதுங்க” என்றாள். “போன்ல கூப்பிட்டதுமே நீங்க ஓடிப் போனீங்கன்னு புள்ள சொன்னா. சந்தோசமாத்தான் இருந்துச்சு. போன வெச்சுட்டு மெஷினுக்கு முன்னால உக்காந்து அழுதேன். ஓடறதுக்கு எனக்குக் குடுத்து வெக்கலியேன்னு. நான் பாக்கறது அவ மூஞ்சி மட்டுந்தான். வளந்துட்டாளா, எளச்சுட்டாளான்னு நீங்கதான் பாக்கறீங்க.”

வாயில் வந்ததைச் சொன்னேன். “அன்னிக்கிக் கோழிக் கொழம்பு நான் வெச்சதுங்க.”

அவள் பல் தெரியச் சிரித்தாள். “தெரியுமுங்க. அந்த மனுசன் வெச்சா அந்த நெறம் வருமா? புள்ள எனக்காகப் பொய் சொல்றான்னு தெரிஞ்சு நானும் உட்டுட்டேன்.” சிரித்துக்கொண்டே முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். குண்டானை என்னிடமிருந்து இழுத்து அவளும் ஒரு பக்கம் தேய்த்தாள். அன்று சாயங்கால பஸ்ஸில் ஏறும்போது, மகள்களிடம் சொல்லிக்கொண்ட பிறகு, “வாரேனுங்க” என்று என்னைப் பார்த்தும் சொன்னாள்.

முள்ளுக்குறிச்சிக் கடை வேண்டாம் என்று அண்ணனிடம் சொன்னேன். அடுத்த வருடம் எங்களுக்குக் கல்யாணம் ஆயிற்று. அண்ணன் முகத்தைத் தூக்கிக்கொண்டுதான் வந்தான், ஆனால் வந்தான். பிள்ளைகள் என்னை இன்றுவரை அக்கா என்றுதான் கூப்பிடுகிறார்கள். அம்மா என்று கூப்பிட மாட்டார்களா என்று ஏங்கிய வருடங்கள் உண்டு. அந்தச் சொல் திருப்பூருக்கு உரியது. அவளும் நானும் தோழிகள் ஆகிவிட்டோம் என்று எழுதினால் நன்றாக இருக்கும், அது உண்மையில்லை. தீபாவளிக்கு அவள் அனுப்புகிற சுடிதார் நான் தைத்ததைவிட அழகாக இருந்தால் இப்போதும் எனக்குச் சோறு இறங்காது. ஒரு வித்தியாசம், இப்போது அந்த எரிச்சல் எதிர்ப்பக்கத்திலும் இருக்கிறதென்று தெரியும். அதனால் தனியாக எரிகிற மாதிரி இல்லை.

மூத்தவள் இப்போது சேலத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருக்கிறாள். போன மாதம் ஒருநாள் காலையில், நான் கடை திறக்கிற நேரத்தில் கூப்பிட்டாள். கூட வேலை செய்கிற ஒரு பையனைப் பிடித்திருக்கிறதாம். “அப்பாகிட்ட நீங்கதான் சொல்லோணுங்க்கா. அம்மாகிட்டயும் நீங்களே சொல்லிருங்க. எனக்கு ரெண்டு பேருகிட்டயும் பயமா இருக்குது” என்றாள். சரி என்றேன். ஆனால் உடனே சொல்லவில்லை. அன்று பகல் முழுக்க அந்தச் செய்தியை வைத்துக்கொண்டு தைத்தேன். உலகத்தில் எனக்கு மட்டும் தெரிந்த விஷயம். யார் வந்தாலும் சிரித்துப் பேசினேன். ஒரு பாவாடைக்கு நாடாவே கோக்காமல் கொடுத்தனுப்பியிருக்கிறேன்.

சாயங்காலம் திருப்பூருக்குப் போன் போட்டேன். முழுவதையும் கேட்டுவிட்டு அவள் பையனைப் பற்றிக் கேட்கவில்லை. “மொதல்ல ஆருகிட்டச் சொன்னா?” என்றாள்.

இப்போதுதான் கூப்பிட்டாள், உங்கள் இரண்டு பேரிடமும் சேர்த்தே சொல்லச் சொன்னாள் என்று மழுப்பியிருக்கலாம். நாக்கு வரை வந்தது. “எங்கிட்டத்தானுங்க” என்றேன்.

அந்தப் பக்கம் பேச்சில்லை. மெஷின்கள் ஓடிக்கொண்டிருந்தன. அந்த மௌனத்துக்குள் என்ன நடக்கிறதென்று என்னைவிடத் தெரிந்தவர் யாரும் இருக்க முடியாது. அதனால் நானும் ஒன்றும் பேசாமல், போனை வைக்காமல், காத்திருந்தேன்.

“செரி” என்றாள் கடைசியில். “சொல்லுங்க. பையன் எந்த ஊருங்க?”